ஊர் முழுக்க ஒரே புத்தகம்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரே சேர்ந்து ஒரு புத்தகம் வாசிக்கும் நிகழ்ச்சியை நடத்தும் குழுவில் இருக்கிறேன். கேளுங்கள்.

கே: முதலில் யார் செய்தது?

ப: சியாட்டில் பொது நூலகம், 1998. ஆரம்பித்தவர் அங்கே நூலகராக இருந்த நான்சி பேர்ல். எடுத்த நாவல் ரஸ்ஸல் பேங்க்ஸின் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்'. பள்ளிப் பேருந்து கவிழ்ந்து பிள்ளைகள் சாகிறார்கள். வண்டி ஓட்டிய அம்மா, இரட்டைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அப்பா, நஷ்டஈட்டு வழக்குக்கு ஆள் சேர்க்க வந்த வக்கீல், பிழைத்தும் நடக்க முடியாமல் போன சிறுமி என நாலு பேர் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லும் கதை. யார் சொல்வதை நம்புவது என்று கேட்டால் போதும், கூட்டம் தானாகப் பேசும். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போகிற புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கு ஆகாது.

கே: எங்கள் ஊரில் தொடங்க ஆசை, முதலில் என்ன செய்ய?

ப: பிரதிகள் வாங்குங்கள். அறிவிப்பெல்லாம் அப்புறம். மின்நூல் இருக்கிறதே என்பீர்கள், அதிலும் பெரும்பாலும் ஒரு உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும்.

கே: என் மகனுக்கு 9 வயது, கோடை வாசிப்பில் எப்படிச் சேர்ப்பது?

ப: அது வேறு நிகழ்ச்சி. உங்கள் நூலகத்தின் சிறுவர் பிரிவில் கேளுங்கள்.

கே: புத்தகத்தை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன?

ப: வேண்டாம். பிரபலமானது ஜெயிக்கும், அதை ஏற்கெனவே பாதிப் பேர் படித்திருப்பார்கள்.

கே: 2017இல் நியூயார்க்கில் ஓட்டுதானே? 'அமெரிக்கானா' ஜெயித்ததே!

ப: ஜெயித்தது, நல்ல நாவலும்கூட. ஆனால் ஐந்து புத்தகங்களை முதலிலேயே பொறுக்கி வைத்துவிட்டுத்தான் ஓட்டு விட்டார்கள். அதே ஊரில் 2002இல் நடந்ததைப் பாருங்கள். ஓட்டே இல்லை, தேர்வுக் குழுவுக்குள்ளேயே கொரிய அமெரிக்கர் ஒருவரைப் பற்றிய நாவல் 'நேட்டிவ் ஸ்பீக்கரா', வெள்ளைத் தாயைப் பற்றிக் கறுப்பின மகன் எழுதிய 'தி கலர் ஆஃப் வாட்டரா' என்று சண்டை, எது எந்தச் சமூகத்தைப் புண்படுத்தும் என்ற கணக்கு வேறு, கடைசியில் ஒரே புத்தகம் என்ற பேச்சே அடிபட்டுப் போனது. இது நூலக நிகழ்ச்சி, இனப் பிரச்சினையைத் தீர்க்கிற மருந்து இல்லை என்று நான்சி பேர்லே அப்போது சொன்னார்.

கே: அப்படியானால் நாலு பேர் உட்கார்ந்து ஊருக்கே முடிவு செய்வதா? இது ஜனநாயகமா?

ப: இல்லைதான். பிடிக்காதவர் படிக்க வேண்டாம், அபராதம் எதுவும் கிடையாது. ஊரே ஒன்றைப் படிப்பது என்ற யோசனையையே அமெரிக்க இலக்கிய விமர்சகர் ஹரால்ட் ப்ளூம் கிண்டல் செய்தார், அவரிடம் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஓட்டு வேண்டும் என்பவர்களிடம் இல்லை. இதோடு விடுங்கள்.

கே: தமிழில் நடந்திருக்கிறதா?

ப: சிங்கப்பூரில். தேசிய நூலக வாரியம் 2005இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நாலு அதிகாரபூர்வ மொழிகளிலும் நடந்தது, தமிழும் உண்டு.

கே: எந்தப் புத்தகம் வைக்கலாம், ஒரு பெயர் சொல்லுங்களேன்?

ப: இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். எப்படிப்பட்ட புத்தகம் ஆகும் என்று முதல் பதிலில் சொன்னதைப் படியுங்கள். அப்படியே பிரதிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கே: முழுதாகப் படிக்காமல் கூட்டத்துக்கு வரலாமா?

ப: தாராளமாக. முடிவைச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.