மூக்கடைப்பு ஸ்பிரே, மரத்துப்போகும் ஸ்பிரே இரண்டாலும் வாசனை உணர்வு போய்விடுமா?

மன்னார்குடி பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தை பிறந்து சம்பா அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் போதும், நெல் தூசியில் மூக்கடைத்து, "அண்ணே, அந்த மூக்கு மருந்து ஒண்ணு குடுங்க" என்று வருகிறவர்கள் வரிசைகட்டுவார்கள். நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு ஸ்பிரேயும் செய்வது வேறு வேறு வேலை.

வாசனையை அறியும் நரம்புகள் மூக்குக்குள் உச்சியில், ஒரு குறுகிய இடுக்கில் இருக்கின்றன. காற்று அதுவரை ஏறினால்தான் மணம் தெரியும். ஜலதோஷத்தில் உள்சதை வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். மூக்கடைப்பு ஸ்பிரேயில் இருக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் இரண்டும் அந்தச் சதையின் ரத்தக்குழாய்களைச் சுருக்குபவை. வீக்கம் வடிந்ததும், அடைப்பால் போன வாசனை ஓரளவு திரும்பும். கொரோனாவில் பலருக்கு நடந்ததுபோல் உச்சிப் பகுதியே பாதிக்கப்பட்டிருந்தால் இந்த மருந்தால் பலன் கிடையாது.

தொல்லை எங்கே வருகிறது என்றால், விடாமல் அடிப்பதில். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்பைவிட அதிகமாக வீங்கும். உடனே மறுபடி அடிக்கத் தோன்றும். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ரசத்தின் பெருங்காய மணம்கூட மங்கிப்போகும். பழி என்னவோ சளிக்குத்தான். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

மெந்தால் இன்ஹேலர் வேறு கதை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி, மூக்கு திறந்த மாதிரி காட்டும். வீக்கம் அப்படியேதான் இருக்கும்.

சரி, எண்டோஸ்கோப்பிக்கு (குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனைக்கு) முன் அடிக்கும் மரத்துப்போகும் ஸ்பிரேயான லிக்னோகெய்னுக்கு வருவோம். தொடுதல், வலி, எரிச்சலைக் கடத்தும் நரம்பைத்தான் அது முக்கியமாக அடக்குகிறது. மிளகாய் தாளிக்கும்போது கமறுகிற நெடியும் அந்த நரம்பின் வேலைதான். ஆகவே நெடி உறைக்காது, மூச்சு உள்ளே போவதுகூடச் சரியாகத் தெரியாது. மூக்கு திறந்திருந்தும் அடைத்த மாதிரி இருக்கும். மருந்து உச்சிவரை எட்டினால் வாசனை நரம்பும் கொஞ்ச நேரம் மந்தமாகலாம். மரப்பு விட்டதும் சரியாகிவிடும். தொண்டையில் இறங்கியிருந்தால் மரப்பு தெளியும்வரை எதுவும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள். சூடான டிகிரி காபி வாயைச் சுட்டாலும் தெரியாது, புரையேறவும் செய்யும்.

உண்மையிலேயே வாசனையைக் காவு வாங்கியது துத்தநாகம் (ஜிங்க்) கலந்த மூக்கு மருந்து. 1930களில் போலியோவைத் தடுக்க என்று துத்தநாக சல்பேட்டை மூக்கில் அடித்துப் பார்த்தார்கள். சிலருக்கு வாசனை நிரந்தரமாகப் போனது. அதே காரணத்துக்காக 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் துத்தநாகம் கலந்த சில மூக்கு மருந்துகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஆன்லைனில் வெளிநாட்டு ஜலதோஷ மருந்து வாங்குகிறவர்கள் பெட்டியில் ஜிங்க் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.