ஒரே கிருமிக்கு இரண்டு லேபில் இரண்டு பெயர்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. கழுத்தில் கத்தீட்டர் போட்டு டயாலிசிஸ் நடக்கிறது. குளிர்காய்ச்சல் வந்ததால் எடுத்த பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ‘எலிசபெத்கிங்கியா மெனிங்கோசெப்டிகா’ என்று வந்தது. அதே கிருமியைப் பெரிய லேபுக்கு அனுப்பினால் ‘எலிசபெத்கிங்கியா அனோபிலிஸ்’ என்கிறார்கள். அனோபிலிஸ் கொசுதானே? இது புது நோயா? வீட்டில் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: குழந்தைகளைப் பற்றிய பயம் வேண்டாம். தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் கிருமி இது. ஆஸ்பத்திரிக் குழாயடி, சிங்க் போன்ற ஈரமான இடங்களில் தங்கும். அம்மாவைப் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், உடம்பில் குழாய் பொருத்தியவர்கள், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரைத்தான் பெரும்பாலும் பிடிக்கும்.

இதில் புதுசு பெயர் மட்டும்தான். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியில் பணியாற்றிய எலிசபெத் கிங், பச்சிளங்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் கண்ட ஒரு கிருமியை 1959-லேயே விவரித்துவிட்டார். அவர் வைத்த பெயரின் முதல் பாதி, அதாவது பேரினப் பெயர், ஃபிளேவோபாக்டீரியம். 1994-இல் அது கிரைசியோபாக்டீரியம் ஆனது. 2005-இல்தான் அவர் நினைவாக எலிசபெத்கிங்கியா. அனோபிலிஸ் வந்தது 2011-இல். அனோபிலிஸ் கேம்பியே கொசுவின் குடலில் முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். கொசு கடித்து மனிதருக்கு வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பெயர் வைத்தவர்கள் நோயாளியின் கலக்கத்தை நினைத்துப் பார்க்கவில்லை, என்ன செய்வது!

சரி, லேபுக்கு லேப் ஏன் மாறுகிறது? இப்போது பல லேப்களில் மால்டி-டாஃப் என்ற இயந்திரம் இருக்கிறது. தட்டில் வளர்ந்த கிருமியைத் துளி எடுத்து உலோகத் தகட்டில் தடவி லேசர் அடித்தால், அதன் புரதங்களின் எடை வரிசை கிடைக்கும். கைரேகை பார்ப்பதுபோல, அதைக் கையிருப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். பழைய பட்டியலில் அனோபிலிஸ் இல்லையென்றால், கிட்டத்தட்ட ஒத்துப்போகிற மெனிங்கோசெப்டிகா என்று போட்டுவிடும். முதல் லேபில் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் சிக்காத கிருமி வந்தால் மரபணுவைப் படிப்பார்கள். 16எஸ் என்ற மரபணுவில் சுமார் 1,500 எழுத்துகள். தெரிந்த எந்த இனத்தோடும் 98.7 சதவீத ஒற்றுமைகூட இல்லையென்றால் புது இனமோ என்ற சந்தேகம் வரும். ஆனால் எலிசபெத்கிங்கியா மாதிரி நெருங்கிய சொந்தங்களைப் பிரிக்க இது மட்டும் போதாது, முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும். அப்புறம் லத்தீன் முறைப்படி பெயர், ஆய்விதழில் விவரம், உயிருள்ள மாதிரியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைப்பது. இவ்வளவும் முடிந்தால்தான் பெயர் செல்லும்.

உங்களுக்கு இப்போது முக்கியம் பெயருக்குக் கீழே இருக்கும் சென்சிடிவிட்டி பட்டியல், அதாவது எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற பட்டியல். ஐசியுவில் வழக்கமாகப் போடும் மெரோபெனமும் கொலிஸ்டினும் இந்தக் கிருமியிடம் பொதுவாக எடுபடாது, பிறவியிலேயே அதற்கு அந்த எதிர்ப்பு உண்டு. மினோசைக்ளின், லீவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்றவை பலருக்கு வேலை செய்கின்றன. எது என்பதை அம்மாவின் ரிப்போர்ட்டும் சிறுநீரக மருத்துவரும்தான் தீர்மானிக்க வேண்டும். டோஸ் கூட டயாலிசிஸுக்கு ஏற்ப மாறும். கத்தீட்டரை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டுமா என்றும் அவரிடம் கேளுங்கள். அதை உள்ளேயே வைத்திருந்தால் காய்ச்சல் திரும்ப வாய்ப்பு அதிகம். இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள். டயாலிசிஸின்போது மறுபடி குளிர் நடுக்கம் வந்தால் அங்கேயே நர்ஸிடம் சொல்லி, மருந்து ஏற்றுவதற்கு முன் மறுபடி பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள்.