காத்தாடி என்று படித்த பெண்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பர்மாவில் பெகு நகரில் எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆறு முதல் ஒன்பது வயது. வாரம் முழுக்கப் பர்மியப் பள்ளி, ஞாயிறு மட்டும் தமிழ். உயிரும் மெய்யும் பாட்டாகச் சொல்கிறார்கள். புத்தகத்தின் முதல் பத்துப் பக்கம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சென்ற மாதம் ஒரு பெண்ணைப் படிக்கச் சொன்னபோது 'பட்டம்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்து 'காத்தாடி' என்றாள். பயந்துபோய் மற்ற பிள்ளைகளையும் சோதித்தேன். புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைப் பலகையில் எழுதினால் ஒருவருக்கும் படிக்க வரவில்லை. இணையவழிப் பயிற்சி ஒன்றில் ஃபோனிக்ஸ் பற்றிச் சொன்னார்கள். அது ஆங்கிலத்துக்கு உள்ளது, தமிழுக்கு எதற்கு என்கிறார்கள் கமிட்டிப் பெரியவர்கள். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போகவேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெண் கெட்டிக்காரி. அச்சில் இருப்பதற்கு ஒரு பொருள் உண்டு, அதைத்தான் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழும் தெரிந்திருக்கிறது. எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழியை மட்டும் யாரும் காட்டவில்லை. அதனால் படத்திலிருந்து போனாள். அவளிடம் இல்லாதது அந்த ஒன்றுதான். அதைக் கற்றுக்கொடுக்க முடியும், இந்த வருஷத்துக்குள்ளேயே முடியும்.

ஃபோனிக்ஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, சங்கதி நம் வீட்டுப் பாட்டிகள் சொன்ன 'எழுத்துக் கூட்டிப் படி'தான். இந்த எழுத்துக்கு இந்த ஒலி, ஒலிகளைச் சேர்த்தால் சொல். ஆங்கிலத்தில் இது பெரிய வழக்காக ஆனதற்குக் காரணம் அந்த மொழியின் எழுத்து முறை. 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுதுகிறார்கள், அதிலும் ஒரே ஒலிக்குப் பல எழுத்து. சொல்லை முழுசாகப் பார்த்துப் பழகட்டும் என்று ஒரு கட்சி, ஒலியிலிருந்து தொடங்கவேண்டும் என்று ஒரு கட்சி. 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, ஒலியை முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. 2006இல் இங்கிலாந்தில் ரோஸ் அறிக்கை அதையே சொன்னது. நமக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். இவ்வளவு நேரான எழுத்தை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் படிக்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் பெரியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1965, 66இல் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபிறகு இந்த நாட்டில் தமிழ்க் கல்வி கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. புத்தகம் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. அந்த நிலைமையில் மனப்பாடமாக இருந்தது மட்டும்தான் தப்பிப் பிழைத்தது. ஆனா ஆவன்னாவைப் பாட்டாகக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பாட்டை நிறுத்தவேண்டாம். வகுப்புத் தொடங்கும்போது எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். அகராதி புரட்ட நாளைக்கு அந்த வரிசை வேண்டும். ஆனால் அதைப் படிப்பு என்று கணக்கு வைக்கவேண்டாம்.

247ஐ முடித்துவிட்டுத்தான் சொல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஙகர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஙீ, ஙூ, ஙே எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தில் பார்க்கப்போகிறது? ங் ஒன்றுதான் கண்ணில் படும். கா என்ற எழுத்துக்கும் ஙூ என்ற எழுத்துக்கும் ஒரே அளவு மூச்சைச் செலவழிக்கிற முறை அது. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைப்பதே ஓரிரு மணி நேரம்.

ப, ட, ம, ர என்ற நான்கு எழுத்து, புள்ளி, துணைக்கால், அ, ஆ. இவ்வளவு போதும் தொடங்க. இதில் என்னென்ன எழுதலாம் என்று பாருங்கள்: அப்பா, அம்மா, பாப்பா, மாமா, படம், பாடம், மரம், பட்டம், ஆட்டம், ரம்பம். வீட்டில் தினம் புழங்கும் உறவுச் சொல் சில இதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. எங்கள் பேட்டை வகுப்பில் இந்த எட்டு அடையாளங்களும் பழகிய பிறகு ஒருநாள் பலகையில் 'ஆரம்பம்' என்று எழுதினேன். யாருக்கும் முன்னால் காட்டியதில்லை. ஏழு வயதுப் பையன் ஒருவன் ஆ… ர… என்று இழுத்து, 'ம்'மில் உதட்டை மூடி நின்று, மறுபடி முதலிலிருந்து வந்து 'ஆரம்பம்' என்று சொல்லி முடித்தான். சொன்னதும் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சரியா தப்பா என்று என்னைக் கேட்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. அடுத்தாற்போல் 'ஆடம்பரம்' எழுதினேன். அதன் பொருளை நான்தான் சொல்லவேண்டியிருந்தது, படித்தது அவன்.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதில் கண்டிப்பாக இருங்கள். பானா, டானா, இம்மன்னா என்று கூட்டினால் 'படம்' எப்படி வரும்? பெயர்களைப் பாட்டுக்கு வைத்துக்கொண்டு, கூட்டும்போது ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். புள்ளி எழுத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இக், இங், இச் என்றே சொல்லிப் பழகிய பிள்ளை 'பால்' என்பதைப் 'பா-இல்' என்று படிக்கும், தப்பு அதன்மேல் இல்லை. நான் வீட்டுப் பேச்சைத் துணைக்கு எடுத்துக்கொள்வேன். நம் வீட்டில் பால் என்றா சொல்கிறோம்? பாலு, கல்லு, முள்ளு. 'பாலு' சொல்லு, கடைசி உகரம் வருவதற்கு முன்னால் நிறுத்து என்றால் பிள்ளைக்கு ல் கிடைத்துவிடும்.

ஆங்கில வகுப்பில் செய்வதுபோல ககரத்தை க், அ என்று பிளந்து காட்டச் சொல்லி உங்கள் பயிற்சியில் வற்புறுத்தினார்களோ என்னவோ. தொடக்கத்தில் அது வேண்டாம். நம் எழுத்தில் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது க என்ற ஒரே உரு, காதுக்குக் கேட்பதும் ஒரே அசை. சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து 2007இல் எழுதியிருக்கிறார். நம்மைப்போன்ற எழுத்து முறையில் எழுத்துகளைக் கற்று முடிக்க ஆங்கிலத்தைவிடக் காலம் ஆகிறது, ஒலியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் திறனும் மெதுவாகத்தான் வருகிறது என்பது அவர் கண்டது. ஆகவே அவசரம் வேண்டாம். ப, பா, பி, பீ என்று ஒரே வரிசையில் குறி மாற மாற ஒலி மாறுவதைப் பிள்ளையே பார்த்துக்கொண்டால் பிளப்பது தானாக வரும்.

இனி நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பர்மிய எழுத்துப் படிக்கிறார்கள். தமிழ் வகுப்பில் பர்மியம் வாயில் வரக்கூடாது என்று சில இடங்களில் சட்டம் போடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. பர்மிய எழுத்தும் நம் எழுத்தும் ஒரே பிராமி வழியில் வந்தவை. ஆகாரத்துக்கு எழுத்தின் பின்னால் போடும் யேச்சாவைக் காட்டுங்கள், பக்கத்தில் நம் துணைக்காலை எழுதுங்கள். வேலையும் ஒன்று, உட்காரும் இடமும் ஒன்று. எகரத்துக்கு எழுத்தின் முன்னால் போடும் தவேத்தோ நம் கொம்பு. ஒலி பின்னால் வர, குறி முன்னால் நிற்கிறதே என்று தமிழ்நாட்டுப் பிள்ளை திணறும் இடம் இது. பர்மியப் பள்ளிப் பிள்ளைக்கு இது பழகிய வழி. கொ எழுதும்போது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ககரத்தை நடுவில் வைக்கிறோம் அல்லவா, அவர்களும் தவேத்தோவையும் யேச்சாவையும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டால் போதும். புள்ளிக்கும் அங்கே ஈடு இருக்கிறது, எழுத்தின் தலையில் போடும் அத்தா.

க என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரி, 'தங்க'த்தில் ஒரு மாதிரி ஒலிப்பது பர்மியப் பிள்ளைக்குக் குழப்பும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே அந்த வரிசையில் க மட்டுமே நான்கு அல்லவா என்பார்கள். ஆனால் அவர்களுடைய முதல் எழுத்தின் பெயரையே சொல்லிப் பாருங்கள்: கஜீ. அந்த 'ஜீ'யையும் அதே கஜீ எழுத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள். தனியாக நின்றால் 'ச்சீ' போல ஒலிப்பது, முன்னால் ஒரு உயிரொலி வந்ததும் ஜீ ஆகிவிடுகிறது. சொல்லின் நடுவில் வல்லினம் மெலிவது இந்தப் பிள்ளைகளின் நாக்குக்குத் தெரிந்த காரியம். கல், அக்கா, தங்கம், பகல் என்று நான்கு சொல்லைக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். விதி சொல்லவேண்டாம், காது பார்த்துக்கொள்ளும்.

பர்மியம் வழிமறிக்கும் இடமும் உண்டு. சொல்லின் கடைசியில் எழுதும் மெய் அங்கே அதன் சொந்த ஒலியில் வருவதில்லை. க, ச, த, ப எது முடிவில் வந்தாலும் தொண்டையில் சட்டென்று நிற்கும், ம, ன வந்தால் மூக்கோடு போய்விடும். அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'பால்' என்பதைப் 'பா' என்று விழுங்கும். அதனால் கடைசி மெய்க்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கல், கண், கள் என்று அடுத்தடுத்துச் சொல்லி, கடைசி ஒலியைக் கேட்டு எழுத்தைத் தொடச் சொல்லுங்கள். மற்றொன்று ரகரம். இங்கே பொதுப் பேச்சில் ரகரம் யகரமாகவே ஒலிக்கிறது. அதனால் 'மரம்' பல பிள்ளைகளின் வாயில் 'மயம்' ஆகும். படிக்கும் நடுவில் அதற்காக நிறுத்தாதீர்கள். எழுத்தை அடையாளம் கண்டு, மரத்தைத்தான் சொல்கிறான் என்றால் அவன் படித்துவிட்டான். நாக்குப் பயிற்சியை வேறு நேரத்தில் விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். ல, ள, ழ விஷயத்திலும் எனக்கு அதே அபிப்பிராயம், முதல் வருஷத்தில் அதற்காக ஒரு பிள்ளையும் அடிவாங்கக்கூடாது, அழக்கூடாது.

உகர ஊகாரத்தில் மட்டும் பர்மியம் கைகொடுக்காது. அங்கே எழுத்தின் கீழே ஒரு கோடு, இரண்டு கோடு, எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி. நம்மிடம் கு, சு, டு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒரு சாடை. இவற்றைக் கடைசிக்குத் தள்ளி, சொல்லோடு சேர்த்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கோயில் அலமாரியில் உள்ள பழைய புத்தகங்களையும் இப்போதைக்குக் கையில் எடுக்கவேண்டாம். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்பு அச்சானவற்றில் லை, னை எல்லாம் துதிக்கை போட்டு வேறு மாதிரி இருக்கும். படிக்கப் பழகியவனுக்கு அது தடையில்லை, பழகுகிறவனுக்குத் தடை.

புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறாக இருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கட்டாயம் அடுத்து அந்தக் கேள்வி வரும். 'போறாங்க' என்று பேசுகிற பிள்ளை 'போகிறார்கள்' என்று படிக்கவேண்டியிருக்கிறதே என்று. பர்மியப் பாடப் புத்தகத்திலும் வாக்கிய முடிவு ஒரு மாதிரி, பேச்சில் வேறு மாதிரி. பேச்சில் 'தெ' என்று முடிப்பதை அங்கே 'தீ' என்று படிக்கிறார்கள். புத்தகத்துக்கு என்று ஒரு மொழி உண்டு என்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பொருள் தெரியாமல் கூட்டிப் படிப்பதில் பயன் இல்லை. வகுப்பில் கால் மணி நேரமாவது நீங்கள் ஒரு கதையை உரக்க வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். தமிழ் குறைந்துவிட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தக் கால் மணி நேரம்தான் சொல் சேரும் இடம்.

பிள்ளை உண்மையில் படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொல் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதில் 20 சொல் பொருளே இல்லாதவை. பொருள் இல்லாத சொல்லை நினைவிலிருந்து சொல்லமுடியாது, கூட்டித்தான் ஆகவேண்டும். நீங்களும் டமரா, பாமட்டா, மரப்பம் என்று பத்துச் சொல் கட்டி, இவை மந்திரவாதியின் ஊர்ப்பெயர்கள் என்று சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த எழுத்தில் நிற்கிறது, எந்த எழுத்தில் தாண்டுகிறது என்று குறித்து வாருங்கள். முதல் எட்டு அடையாளங்களுக்குப் பிறகு க, ல, வ, ன, இகரக் குறி என்று எந்த வரிசையில் போகலாம் என்பதற்கு எங்கள் வகுப்பின் சொற்பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன். 'பட்டம்' அதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. படம் போடாமல் எழுதியிருக்கிறோம். உங்கள் கமிட்டிப் பெரியவர்களையும் ஒரு ஞாயிறு வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள், சொல்லை அவர்களே பலகையில் எழுதட்டும்.