நூற்றாண்டுப் பள்ளிக்குத் திரட்டிய ஆறு லட்சத்தை யார் பெயரில் வைப்பது, எதற்குச் செலவிடுவது?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி 1926-இல் தொடங்கப்பட்டது. ஊரில் பெரியவர்கள் இன்றும் அதை ‘போர்டு ஸ்கூல்’ என்றுதான் சொல்கிறார்கள். நூற்றாண்டை ஒட்டி, முன்னாள் மாணவர்களும் இப்போதைய பெற்றோரும் சேர்ந்து 6,00,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். பணம் இப்போது என் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. பள்ளியில் 64 பிள்ளைகள் படிக்கிறார்கள்; தலைமை ஆசிரியரையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பில் 15 பேர் இருக்கிறார்கள். இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 9 பேர் மட்டுமே. தொகையைத் தலைமை ஆசிரியர் பெயரில் வைப்பு வைத்து, வரும் வட்டியில் மாதம் 8,000 ரூபாய் சம்பளத்துக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஓர் ஆசிரியையை அமர்த்தலாம் என்கிறார்கள் சிலர். நூற்றாண்டு நினைவாக நுழைவு வளைவு கட்டலாம் என்பது வேறு சிலரின் விருப்பம். மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று ஒரு தம்பி சொல்கிறார். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவர் மேலும் 1,00,000 ரூபாய் அனுப்பத் தயாராக இருக்கிறார். நன்கொடை தந்த பலர் வரிச்சலுகைக்கு ரசீது கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கேள்விகளில் மிக அவசரமானது, பணம் உங்கள் சொந்தக் கணக்கில் கிடப்பதுதான். உறவினர் அல்லாதோரிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றால், அந்தத் தொகை முழுவதும் பெற்றவரின் வருமானமாகக் கருதப்படும் என்பது வருமான வரிச் சட்டத்தின் பொதுவிதி. இது உங்கள் பணமன்று, ஊருக்காக நீங்கள் பாதுகாத்து வைத்திருக்கும் பணம் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை எழுத்தில் நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஆகவே, கொடுத்தவர் பெயர், தேதி, தொகை, வங்கி வழியா ரொக்கமா என்ற விவரங்களோடு ஒரு பட்டியலை இன்றே தயாரித்து, அதில் பெற்றோர் சிலரிடமும் முன்னாள் மாணவர் சிலரிடமும் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தோடு உங்கள் சம்பளமோ வீட்டுச் செலவோ கலக்க இனி இடம் கொடுக்காதீர்கள்.

அதை அப்படியே தலைமை ஆசிரியர் பெயருக்கு மாற்றுவது தீர்வாகாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அடுத்த பொதுக் கலந்தாய்வில் வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் பெறக்கூடும். வட்டி அவருடைய பான் எண்ணில் அவருடைய வருமானமாகப் பதிவாகும். அரசு ஊழியர் உரிய அனுமதியின்றி நிதி திரட்டுவதை நடத்தை விதிகளும் ஏற்பதில்லை. ஊர் நன்மைக்குச் செய்ததற்காக அவர் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரலாம். முதல் மதிப்பெண் பெறும் பிள்ளைக்குப் பரிசு தருவதற்காக ஒரு தலைமை ஆசிரியரின் பெயரில் வைக்கப்பட்ட வைப்பு ரசீது ஒன்றை ஒரு பள்ளியில் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்று, காலமாகி, பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் குடியேறிய பின்பும், ரசீது மட்டும் பள்ளி பீரோவில் ஒரு பழுப்பு உறைக்குள் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பணம் தர முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. வங்கி சொன்னது சட்டப்படி சரி என்பதால், யாரிடமும் முறையிடவும் வழியில்லை.

பள்ளிக்கென்று சட்டம் ஏற்கெனவே ஓர் அமைப்பைக் கொடுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவின்படி, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாகக் கட்டமைக்கப்பட்டன. 2024-இல் நடந்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. உங்கள் ஊரில் இந்தக் குழுவின் கூட்டம் கையொப்பத்தோடு முடிந்துவிடும் சடங்காக இருக்கலாம். அப்படியிருந்தால் அதை உயிர்ப்பிக்க இந்த ஆறு லட்சத்தைவிட நல்ல காரணம் கிடைக்காது. நிதியின் நோக்கத்தையும் செலவுத் திட்டத்தையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, குழுவின் பெயரில், கூட்டுக் கையொப்பத்தோடு இயங்கும் கணக்கில் பணத்தை வையுங்கள். அரசு மானியம் வரும் கணக்கோடு இதைக் கலக்காமல் தனியாக வைக்க வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். இதற்கென்று புதிய அறக்கட்டளை தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறக்கட்டளையைப் பதிவு செய்வதோடு வருமான வரித் துறையிலும் தனிப் பதிவு பெறாவிட்டால், வரும் நன்கொடையையே அதன் வருமானமாகக் கருதி வரி கேட்க இடமுண்டு. பதிவு பெற்றாலோ ஆண்டுதோறும் கணக்குத் தாக்கலும் ஆடிட்டர் கட்டணமும் தொடரும். ஒருமுறை திரட்டிய ஆறு லட்சத்துக்கு அது பெருஞ்சுமை. ஆண்டுதோறும் நிதி திரட்டும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து முன்னாள் மாணவர் சங்கம் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்து, ஆசிரியை. ஆறு லட்சத்துக்கு ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருவது 39,000 ரூபாய். மாதம் 8,000 வீதம் பத்து மாதச் சம்பளமே 80,000 ரூபாய். வட்டியில் மட்டும் இதைச் சமாளிக்க 12 லட்சத்துக்கு மேல் முதல் வேண்டும். முதலையும் சேர்த்துச் செலவழித்தால், சம்பளத்தையும் ஆண்டுதோறும் வட்டி விகித அளவுக்கு உயர்த்த வேண்டியிருக்கும் என்பதால், ஏழரை ஆண்டில் பணம் தீர்ந்துவிடும். அந்த 8,000 ரூபாயிலும் ஒருவர் நிலைப்பாரா என்பது ஐயமே: 2022-இல் காலிப் பணியிடங்களில் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு அனுமதித்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்த 7,500 ரூபாய்த் தொகுப்பூதியத்தைப் போதாதென்று பின்னர் உயர்த்தவே வேண்டியிருந்தது.

இந்த யோசனையை நான் ஏற்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூன்று பேர். உங்கள் பள்ளியில் இன்று 64 பேர். வரும் கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பின் 15 பேர் வெளியேறினால் 49 பேர் மிஞ்சுவார்கள். இந்த ஆண்டைப் போல 9 பேர் மட்டும் சேர்ந்தால் எண்ணிக்கை 58. மூன்றாவது ஆசிரியரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்ப அந்த எண்ணிக்கையே போதும். நீங்கள் ஊர்ப் பணத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் கொடுத்து ஒருவரை அமர்த்தும் அதே நேரத்தில், அதைவிடப் பல மடங்கு ஊதியத்தில் அரசு தந்திருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியரை இழப்பீர்கள். இதைத் தடுக்கத் தேவைப்படுவோர் 12 பிள்ளைகள். வழக்கமாக வருவோரைவிட மூன்று பேர் கூடுதல். உங்கள் நிதியின் முதல் வேலை அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவருவதும், சேர்ந்தவர்களை ஐந்தாம் வகுப்பு வரை தக்கவைப்பதும்தான் என்பது என் உறுதியான கருத்து.

பொருள்களாக வாங்கித் தரும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்துத்தான் பல தொடக்கப் பள்ளிகள் நிமிர்ந்தன. இன்றும் மேளதாளத்தோடு தட்டு, பீரோ, மின்விசிறி, நாற்காலி ஏந்தி ஊர்வலமாகச் சென்று ‘கல்விச்சீர்’ தரும் ஊர்கள் உண்டு. வகுப்பறையில் நிமிர்ந்து பார்த்தால், மின்விசிறியின் இறக்கையில் சிவப்புப் பெயின்டில் ‘உபயம்’ என்று எழுதியிருப்பது சுற்றாத நாளில் தெளிவாகத் தெரியும். அது சுழல வேண்டுமானால் பழுது பார்ப்பதற்கும் ஒருவர் உபயம் செய்ய வேண்டும். அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஆகவே பெற்றோரிடம் கேளுங்கள். பிள்ளையை ஏன் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகிறார்கள் என்று வீட்டுக்கே சென்று கேளுங்கள். பாடநூல், சீருடை, காலணி, மதிய உணவு அனைத்தையும் அரசு தருகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எனவே இவற்றுக்கு ஊர்ப் பணம் வேண்டாம். நான் கேட்ட ஊர்களில் பெற்றோர் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு: தண்ணீர் வராத கழிப்பறை, வாசலுக்கு வராத வண்டி. உங்கள் ஊரிலும் இவையே காரணமாக இருந்தால், மோட்டார், தொட்டி, குழாய், கழிப்பறைக் கதவு ஆகியவற்றுக்கு 1,50,000 ரூபாய் ஒதுக்கலாம். ‘சமக்ர சிக்ஷா’ எனப்படும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய்; அதில் எது செய்யப்படுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, விடுபட்டதற்கு மட்டும் நன்கொடையைத் தொடுங்கள். இடமும் கட்டடமும் ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியவை என்பதால், கட்டுமானம் எதுவாயினும் வட்டார வளர்ச்சி அலுவலரின் அனுமதி தேவை. நுழைவு வளைவுக்கும் அதே அனுமதி வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையையும் அது கூடுதலாகச் சேர்க்காது என்பதால் அந்தச் செலவை நான் எதிர்க்கிறேன். நூற்றாண்டு நினைவைச் சொல்ல, பழைய சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் படியெடுத்துச் சட்டமிட்டுத் தலைமை ஆசிரியர் அறையில் மாட்டினால், தாத்தாவின் பெயரைத் தேடி வரும் பேரன்கள் இருப்பார்கள். செலவு சில நூறு ரூபாய்.

வண்டிக்கு, ஆட்டோ வாடகை மாதம் 7,000 ரூபாய் என்றும், 14 பிள்ளைகளை இரண்டு நடையாக ஏற்றி வருவதாகவும் கொள்வோம். பிள்ளைக்கு 150 ரூபாய் பெற்றோர் தந்தால் மீதி மாதம் 4,900. பத்து மாதத்துக்கு 49,000. மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 1,50,000. பெற்றோர் பங்கு சிறிதாயினும் இருக்கட்டும். பங்கு தருகிறவர் வண்டி வராத நாளில் கேள்வி கேட்பார். பள்ளி எட்டாத் தொலைவில் உள்ள குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு ஒருவருக்கு 6,000 ரூபாய் வரை போக்குவரத்து உதவி தர ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வழியுண்டு. உங்கள் குடியிருப்புகள் அதற்குத் தகுதி பெறுமா என்று குழுவின் தீர்மானத்தோடு விண்ணப்பியுங்கள். வண்டியின் உரிமம், காப்பீடு, ஏற்றும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் உறுதி செய்யாமல் ஒரு நாளும் ஓட்ட விடாதீர்கள்.

மீதி 3,00,000 ரூபாய் இருப்பு. அடுத்த சில ஆண்டுகளில் தேவைப்படக்கூடிய, பிறர் நம்பித் தந்த பணம் இது. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு அதை உட்படுத்த வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் அன்பாகச் சொல்லுங்கள். அஞ்சலக வைப்புத் திட்டங்கள் தனிநபர்களுக்கானவை என்பதால், குழுவுக்கு வங்கிதான் வழி. முதலாண்டுச் செலவான 2,00,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு, ஓராண்டுக்கு 1,00,000, இரண்டாண்டுக்கு 1,00,000, மூன்றாண்டுக்கு 2,00,000 என்று வைப்பைப் பிரித்தால், ஆண்டுதோறும் ஆட்டோவுக்கு வேண்டியது கைக்கு வரும். எதையும் முன்கூட்டியே முறித்து வட்டியை இழக்க வேண்டியிராது. ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5,00,000 ரூபாய் வரைதான் காப்பீடு என்பதால், மொத்தத்தையும் ஒரே வங்கியில் குவிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். பான் எண் இல்லாத வைப்பில் 20 சதவீதம் வரி பிடிக்க இடமுண்டு. எந்தப் பான் எண்ணில் கணக்கு தொடங்குவது என்பதைத் தொடக்கத்திலேயே வங்கி மேலாளரிடம் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வரிச்சலுகை ரசீதை உங்களால் தர முடியாது. 80ஜி என்று நாம் பழகிய சலுகை, அதற்கெனப் பதிவு பெற்ற அமைப்பின் ரசீதுக்கு மட்டுமே உரியது. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அங்கும் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அறவே இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் புதிய முறையில்தான் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். இனி கொடுக்க விரும்புவோர் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாக உங்கள் பள்ளியைக் குறிப்பிட்டே தரலாம். சலுகை விவரத்தை அங்கே உறுதி செய்துகொள்ளட்டும். சேர்க்கையின்போது பெற்றோரிடம் ‘ஆளுக்கு 500’ என்று கேட்கும் யோசனை யாருக்காவது இருந்தால் உடனே நிறுத்துங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, வசூலித்த தொகையின் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு.

சிங்கப்பூர் நண்பரின் ஒரு லட்சத்தை வாங்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், பிறப்பால் உங்கள் ஊர்க்காரரேயானாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அத்தகைய பதிவு பெற்ற கல்வி அமைப்பு எதன் வழியாகவேனும் உங்கள் பள்ளிக்கு உதவ முடியுமா என்று அவர் அங்கிருந்தே விசாரிக்கட்டும்.

இவற்றில் காத்திருக்க முடியாதது வண்டி. அடுத்த ஆண்டுச் சேர்க்கைப் பேச்சு மார்ச், ஏப்ரலிலேயே வீடுகளில் தொடங்கிவிடும். தனியார் பள்ளிக்கு முன்பணம் கட்டிய பெற்றோர் ஜூனில் மனம் மாற மாட்டார்கள். தீர்மானத்தைப் பிப்ரவரிக் கூட்டத்திலேயே நிறைவேற்றி, ஆட்டோ எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை அச்சிட்ட தாளோடு, மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்கள் அந்தக் குடியிருப்புகளுக்குச் செல்லட்டும்.