கீரை அழுகுவதும் கறுப்பதும் ஏன்? ஒரு வாசகியின் கேள்விகளுக்கு விடை

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். ஞாயிறு காலையில் உழவர் சந்தையில் ஐந்து கட்டுக் கீரை வாங்கி, உடனே கழுவி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். புதன்கிழமைக்குள் பாதி அழுகிவிடுகிறது. மீதியைச் சமைத்தால் கறுத்துப்போகிறது. உடலுக்கு நல்லது என்று இப்போது இரும்புக் கடாயில்தான் சமைக்கிறேன். நிறம் மாறாமலிருக்க ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடச் சொல்கிறார் மாமியார். மாமனாருக்குச் சிறுநீரகக் கல் வந்து அகற்றியிருக்கிறோம். அவர் கீரை சாப்பிடலாமா? இரவில் கீரை கூடாது, கீரையோடு தயிர் கூடாது என்பதெல்லாம் உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் அக்கறையோடு செய்யும் முதல் வேலையிலேயே பிழை இருக்கிறது. கீரையை வாங்கி வந்தவுடன் கழுவக் கூடாது. பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மூச்சில் வெப்பமும் ஈரமும் வெளியேறுகின்றன. கழுவிய ஈரத்தோடு பையில் வைத்து வாயை இறுகக் கட்டினால், இரண்டு ஈரமும் சேர்ந்து பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர் எந்த இலையின் மேல் நிற்கிறதோ அந்த இலைதான் முதலில் கொழகொழத்துப் போகும். பிறகு பக்கத்து இலைக்கும் பரவும். பையைத் திறந்தவுடன் வருமே ஒரு வாடை, அது இரண்டு நாள்களுக்கு முன்பே தொடங்கிவிட்ட கதை.

வாங்கி வந்தவுடன் கட்டைப் பிரித்துவிடுங்கள். வாழைநாரோ ரப்பர் வளையமோ இறுக்கிய இடத்தில் தண்டு நசுங்கியிருக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். பழுத்த இலை, கிழிந்த இலை, ஈரமான இலை ஆகியவற்றை எடுத்துவிட்டு, வேரோடு இருக்கும் கீரையை வேரோடேயே, மண்ணை மட்டும் உதறி, பழைய வேட்டித் துணி போன்ற உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். துணி ஈரமாகிவிட்டால் மறுநாள் வேறு துணி மாற்றினால் போதும். செய்தித்தாளில் சுற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அச்சு மை உணவில் படியும் என்பதால், உணவுப் பொருள்களைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. துணி இருக்கும்போது தாள் எதற்கு?

இப்படி வைத்தாலும் ஐந்து கட்டு அதிகம் என்பதே என் எண்ணம். மூன்று கட்டு வாங்குங்கள். அவற்றையும் ஆயுள் பார்த்து வரிசைப்படுத்துங்கள். வெந்தயக்கீரையும் பாலக்கும் மெல்லிய இலைகள். ஞாயிற்றுக்கிழமையே சமைத்துவிட வேண்டியவை. சிறுகீரையும் அரைக்கீரையும் செவ்வாய் வரை தாங்கும். பொன்னாங்கண்ணியும் தண்டுக்கீரையும் புதன்கிழமைக்குக்கூட நிற்கும். தண்டுக்கீரையில் இலை வாடினாலும் தண்டைச் சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம். முருங்கைக்கீரையை உருவுவதற்கு நேரமில்லை என்று ஒதுக்காதீர்கள். கிளைகளை ஒரு துணியில் இறுக்கிச் சுருட்டி இரவு முழுவதும் வெளியிலேயே வைத்துவிட்டு, காலையில் பிரித்து உதறினால் இலைகளில் பெரும்பகுதி தானாகவே உதிர்ந்து கிடக்கும். ஆனால் உதிர்ந்த இலை காத்திருக்காது. அன்று காலையே அடுப்பேற வேண்டும்.

மறுநாள் சமைக்கும் கீரையை முதல் நாள் இரவு ஆய்ந்து வைத்துக்கொள்ளலாம். (ஆராய்ச்சிக்கும் கீரைக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை, ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்ப்பவருக்கே புழுவும் முட்டையும் கண்ணில் படும்.) ஆய்ந்து வைக்கலாம், ஆனால் நறுக்கி வைக்கக் கூடாது. நறுக்கிய விளிம்பெல்லாம் காற்றுப் பட்டு வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். கழுவுவதும் நறுக்குவதற்கு முன்புதான். நறுக்கிய பின் கழுவினால் நீரில் கரையும் சத்துகள் தொட்டி வழியாக வெளியேறிவிடும்.

கழுவும் முறையில் ஒரு சிறு கவனம் வேண்டும். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கீரையை அமிழ்த்தி அலசிய பிறகு, நீரைச் சாய்த்து வடிக்காமல் கீரையைக் கைகளால் மேலே தூக்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மண் மீண்டும் இலை மேலேயே வந்து படியும். தூக்கி எடுத்த பின் பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். மணல் நெருடாத வரை, மூன்று தண்ணீரோ நான்கு தண்ணீரோ, அலசத்தான் வேண்டும்.

இனி நிறம். சமைத்த கீரையில் இரண்டு வகை நிற மாற்றம் உண்டு. நீங்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பியிருக்கிறீர்கள். முதலாவது, பச்சை மங்கிப் பழுப்புப் பச்சையாவது. கொதிநீரில் விழுந்த முதல் நிமிடத்தில் கீரை முன்பைவிடப் பளிச்சென்று பச்சையாவதைக் கவனித்திருப்பீர்கள். இலைக்குள் சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் அப்படித் தெரிகிறது. அதன் பிறகு வெப்பத்தில் இலையின் அறைகள் உடைந்து, உள்ளே இருக்கும் இயற்கையான அமிலங்கள் பச்சையத்தைத் தொடுகின்றன. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது; அமிலம் அதை வெளியே தள்ளிவிட்டால் பச்சை போய்ப் பழுப்பு வந்துவிடுகிறது. அந்த அமிலங்களில் சில ஆவியோடு வெளியேறக்கூடியவை. மூடி போட்டால் ஆவி மூடியில் பட்டு மீண்டும் கீரைக்குள்ளேயே சொட்டும். கீரையை மூடாமல் வேகவைக்க வேண்டும் என்று பாட்டிமார் சொன்னது இதனால்தான். குக்கரில் வைத்த கீரை மங்கிப்போவதற்கும் இதுவே காரணம். அங்கே மூடியோடு, கூடுதல் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. புளியையும் தக்காளியையும் தொடக்கத்திலேயே சேர்த்தால், அமிலத்தை நாமே கொண்டுபோய் ஊற்றியதாகிவிடும். கீரை வெந்த பிறகு சேர்ப்பதே சரி. புளிச்சக்கீரைக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதன் புளிப்பு அதற்குள்ளேயே இருப்பதால், நீங்கள் என்ன செய்தாலும் அது நிறம் மாறத்தான் செய்யும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

இரண்டாவது, மையைப் போலக் கறுப்பது. இதற்குக் காரணம் உங்கள் புதிய இரும்புக் கடாய். இலைகளில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்தால் கருநிறம் உண்டாகும். புளி சேர்த்துக் கடாயிலேயே ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் கேட்கவே வேண்டாம். இது நஞ்சு அன்று; உணவில் சிறிதளவு இரும்பு கூடவே செய்யும். ஆனால் வாயில் உலோகச் சுவை தட்டும், குழந்தைகள் தட்டை ஒதுக்குவார்கள். எனவே கடாயை முருங்கைக்கீரைப் பொரியலைப் போல விரைவாக வதக்கி இறக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டு, இறக்கியவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கடைசலுக்கும் மசியலுக்கும் மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும்.

ஆப்ப சோடா விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. காரப் பொருளான சோடா அமிலத்தை முறித்துவிடுவதால் கீரை பளபளவென்று பச்சையாகவே இருக்கும். ஆனால் அதே காரம் இலையின் நார்ச்சுவர்களைக் கரைத்துக் கீரையைக் கூழாக்கிவிடும். வைட்டமின் சி-யையும், தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐயும் அழிக்கும். கீரையில் தயமின் பெரிதாக இல்லையே என்று கேட்கலாம். அதே சட்டியில் இருக்கும் பருப்பில் இருக்கிறதே! இந்தத் தயமின் குறைவால் வருவதே பெரிபெரி நோய். அதை ஆராய்வதற்காக 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னர் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நிறத்துக்காக அந்தச் சத்தைக் கொடுத்துவிடுவது நல்ல பேரமாக எனக்குப் படவில்லை. மாமியாரிடம், சோடா இல்லாமலே பச்சை நிற்கும் வழி ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கீழே உள்ளபடி ஒருமுறை செய்து காட்டுங்கள்.

ஒரு கட்டுச் சிறுகீரைக்கு மூன்று மேசைக்கரண்டி பாசிப்பருப்பைத் தனியாக மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற சட்டியில் கால் தம்ளர் நீரைக் கொதிக்கவிட்டு, நான்கு பல் பூண்டு, கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை முதலில் போடுங்கள். வெங்காயம் பாதி வெந்த பிறகே கீரை. சட்டி நிறைய மலைபோல் நிற்கும் கீரை இரண்டே நிமிடத்தில் அடியில் போய் ஒடுங்கிவிடும். உப்பை அதுவரை தொடாதீர்கள். மலையைப் பார்த்து உப்புப் போட்டவர்கள் எல்லாரும் கரிக்கும் கீரையைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். மூடாமல் ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். தண்டை நகத்தால் கிள்ளினால் எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும், இலை பச்சையாகவே இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, பருப்பையும் உப்பையும் சேர்த்து மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசைபோல் ஆகிவிடும். சூடாக அடித்தால் மூடி தெறித்துக் கையைச் சுட்டுக்கொள்ளவும் நேரும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கிள்ளிய வற்றல், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. எண்ணெயே இல்லாமல் சமைப்பதுதான் ஆரோக்கியம் என்று நினைக்க வேண்டாம். கீரையில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தட்டில் பரிமாறிய பிறகு சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து கூடுதலாக உடலில் சேரும். அடுப்பில் பிழியாததால் நிறமும் கெடாது.

உங்கள் மாமனாரைப் பற்றிய கேள்விக்கு, எந்த வகைக் கல் என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்ல முடியும். அகற்றிய கல்லைச் சோதித்த அறிக்கை இருந்தால் அதைப் பாருங்கள். பரவலாகக் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல் என்றால், ஆக்சலேட் மிகுந்த பாலக், பசலை, பருப்புக்கீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றை அவர் தவிர்ப்பது நல்லது. மருத்துவர் அனுமதித்தால், ஆக்சலேட் குறைந்த வெந்தயக்கீரையை அளவோடு தரலாம். கரையக்கூடிய ஆக்சலேட் கொதிநீரில் இறங்கிவிடும் என்பதால், அவருக்கான பங்கை மட்டும் நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். மற்றவர்களுக்கு அந்த நீரைக் கொட்டக் கூடாது, ரசத்தில் சேர்த்துவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதால் ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அறவே விடுவது ஆகாது. அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருக்க வேண்டும்.

தயிரைப் பற்றிய அச்சம் உங்கள் மாமனாருக்கு நேர்மாறாகப் பொருந்தும். தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடுவதால், சிறுநீரகத்துக்குப் போகும் அளவு குறைகிறது. ஆகவே அவர் கீரை சாப்பிடும் வேளையில் தயிரும் சாப்பிடுவது நன்மையே. மற்றவர்களுக்கு, கால்சியம் இரும்புச்சத்தின் சேர்க்கையைச் சற்றுத் தடுக்கும், அவ்வளவுதான். கீரையும் தயிரும் சேர்ந்தால் நஞ்சாகாது. இரத்தசோகை உள்ளவர்கள் கீரையை முதல் சோற்றோடு முடித்துக்கொண்டு, தயிரை வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். உண்மையில் தயிரைவிட, சாப்பிட்டவுடன் குடிக்கும் காபியும் தேநீரும்தான் இரும்புச்சத்தை அதிகம் தடுக்கின்றன; அவற்றுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரவில் கீரை கூடாது என்ற பழக்கம், விளக்கு வெளிச்சம் போதாமல் புழு பூச்சி கண்ணுக்குத் தெரியாத காலத்திலும், குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலும் மிகவும் அறிவார்ந்த பழக்கமாகவே இருந்திருக்கும். இரவு ஏழரை மணிக்குப் புதிதாகச் சமைத்து எட்டு மணிக்குச் சாப்பிடும் கீரை, வயிற்று உப்புசம் வராதவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. தவிர்க்க வேண்டியது, மதியம் சமைத்து மேசை மேலேயே விட்டுவைத்த கீரையைத்தான். கீரையில் இயல்பாக உள்ள நைட்ரேட்டை, வெளியில் கிடக்கும்போது பெருகும் நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாக மாற்றிவிடும். இது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. மிஞ்சுமென்று தெரிந்தால், தாளிப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து, ஆறியவுடன் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே ஒரே ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்துப் பெரியவர்கள் முடித்துவிடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் அன்றன்று சமைத்ததையே கொடுங்கள்.