காம்பஸும் ஸ்கேலும் மட்டும் வைத்து ஐங்கோணம் வரைந்தால் கடைசிப் பக்கம் ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி: கோணமானி இல்லாமல் ஒழுங்கு ஐங்கோணம் வரைந்தால், கடைசிப் பக்கம் மட்டும் மற்றதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசமாக வருகிறது. எழுகோணத்துக்கு ஒரு சுலப வழி சொல்கிறார்கள், அது ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. அப்படியானால் ஐங்கோண முறைதான் தோராயமானதா?

தலைகீழ். ஐங்கோண முறை நூற்றுக்கு நூறு சரி. பிசகுவது கையும் காம்பஸும். எழுகோண முறை தவறு. அந்தத் தவறு பென்சில் கோட்டின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்கிறது.

முதலில் ஐங்கோணம். பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் நான்காம் புத்தகத்தில் தரும் வழி நீளமானது. நடைமுறைக்கு, வானியலாளர் தாலமி அல்மாஜெஸ்ட் நூலில் தந்த வழிதான் வசதி. 6 செ.மீ. ஆரத்தில் வட்டம், மையம் ம. மையம் வழியாக அஆ என்ற விட்டம். அதற்கு மையக்குத்துக்கோடு போட்டால் வட்டத்தை மேலே க என்ற புள்ளியில் வெட்டும். அடுத்து மஆ என்ற ஆரத்தின் நடுப்புள்ளி ந. இதையும் மையக்குத்துக்கோடு போட்டே எடுக்க வேண்டும். ஸ்கேல் கோடு போட மட்டும்தான், அளக்க அல்ல; அதில் 3 செ.மீ. பார்த்துக் குறித்தால் ஆட்டத்தின் விதியே போயிற்று. காம்பஸ் முள்ளை ந-வில் ஊன்றி, க வரை விரித்து, அப்படியே சுற்றிக்கொண்டு வந்து விட்டத்தை மையத்துக்கு அந்தப் பக்கம் வெட்டுங்கள். வெட்டும் இடம் ப. கப என்ற தூரம்தான் ஐங்கோணத்தின் பக்கம்.

முள்ளை க-வில் வைத்து, ப வரை விரித்து, வட்டத்தை இரு புறமும் வெட்டினால் இரண்டு முனைகள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றிலும் முள்ளை ஊன்றி, அதே விரிப்பில் அடுத்த முனைகளைக் குறியுங்கள். கீழே மிஞ்சும் இரண்டையும் சேர்த்தால் ஐந்தாம் பக்கம். 6 செ.மீ. ஆரத்துக்குப் பக்கம் 7.05 செ.மீ. வர வேண்டும். வரைந்து முடித்தபின் சரிபார்க்க மட்டும் ஸ்கேலின் எண்களைப் பாருங்கள்.

ஏன் இது சரி? ஆரத்தை 2 என்று வையுங்கள். மந = 1, மக = 2. ஆகவே பிதாகரஸ் தேற்றப்படி நக = √5, அதனால் மப = √5 − 1. இந்த √5 − 1 என்பது அதே வட்டத்துக்குள் வரையும் ஒழுங்குப் பத்துக்கோணத்தின் பக்கம். பத்துக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு ஆரங்களும் சேர்ந்தால் 36, 72, 72 பாகை முக்கோணம். 72 பாகையில் ஒன்றை இருசமக் கூறிட்டால் உள்ளே அதே வடிவில் சின்ன முக்கோணம் விழும். வடிவொப்புமையால் பக்கம் ப² = 2(2 − ப) என்று வரும்; தீர்த்தால் √5 − 1. (இங்கே ப என்பது நீளம், மேலே சொன்ன புள்ளி அல்ல.) மிச்சத்தை யூக்ளிட்டின் பதின்மூன்றாம் புத்தகம் முடித்துவைக்கிறது: ஐங்கோணப் பக்கத்தின் வர்க்கம், ஆரத்தின் வர்க்கமும் பத்துக்கோணப் பக்கத்தின் வர்க்கமும் சேர்ந்ததற்குச் சமம். கமப என்ற செங்கோண முக்கோணம் செய்வதும் அதையேதான். எங்கேயும் தோராயம் இல்லை.

பிறகு அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் குத்துக்கோட்டிலிருந்து. மக கோடு ஒரே ஒரு பாகை சாய்ந்தாலே, 6 செ.மீ. வட்டத்தில் கப சுமார் 0.3 மி.மீ. மாறும். நான்கு பக்கங்கள் தலா 0.3 கூடினால் ஐந்தாவது 1.2 குறையும். ஆக மொத்தம் வித்தியாசம் 1.5 மி.மீ., நீங்கள் பார்த்த அதே அளவு.

சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் குறைந்த விரிப்பு. 12 செ.மீ. விட்டத்துக்கு மையக்குத்துக்கோடு போடும்போது காம்பஸை 6.5 செ.மீ. மட்டும் விரித்தால், மேலும் கீழும் விற்கள் வெட்டும் புள்ளிகளுக்கு இடையே 5 செ.மீ.தான் இருக்கும். அந்தக் குட்டைக் கோட்டை வட்டம் வரை நீட்டும்போது பிழையும் சேர்ந்து நீளும். போதாததற்கு விற்கள் 45 பாகையில் சரிந்து வெட்டுவதால், எது வெட்டுப்புள்ளி என்றே தெளிவாகத் தெரியாது. 8.5 செ.மீ. விரித்தால் விற்கள் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டும், புள்ளிகளுக்கு இடையே 12 செ.மீ. கிடைக்கும். இதுபோக, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸின் திருகு தளர்ந்திருந்தால் அழுத்தும்போதே விரிப்பு மாறும். மையத்தில் முள் குத்திய ஓட்டை பெரிதானாலும் அப்படியே. 2எச் பென்சிலைக் கூர்மையாகச் சீவிப் போடுங்கள், அடியில் ஒரு அட்டை வையுங்கள்.

இனி எழுகோணம். உங்களுக்குச் சொன்ன வழி இதுவாகத்தான் இருக்கும்: வட்டத்தின்மேல் ஒரு புள்ளியை மையமாக வைத்து, அதே ஆரத்தில் வில் போட்டு, அது வட்டத்தை வெட்டும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து, அந்த நாணில் பாதியைப் பக்கமாக எடுப்பது. 6 செ.மீ. ஆரத்துக்கு அந்தப் பாதி 5.196 செ.மீ. உண்மையான பக்கம் 5.207. ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. குறை, ஏழாவது பக்கம் மற்றவற்றைவிட சுமார் 0.7 மி.மீ. நீளம். மழுங்கிய பென்சிலுக்கு இது ஒரு கோட்டின் அகலம். அதனால்தான் தவறான முறை உங்கள் கையில் சரியான முறையைவிட அழகாக வந்தது.

கையை எவ்வளவு திருத்தினாலும், ஸ்கேலும் காம்பஸும் கொண்டு எழுகோணத்துக்குச் சரியான முறை கிடைக்காது. யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அல்ல காரணம். இருக்கவே முடியாது என்பது நிரூபணமான விஷயம். கோடும் வட்டமும் வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்க, அதிகபட்சம் ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருக்கும். ஆகவே எத்தனை படி போட்டாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றைத் தாண்ட முடியாது. ஐங்கோணத்துக்கு 72 பாகையின் கொசைனை இரட்டித்தால் வரும் எண்ணை ய என்று வைத்தால், அது ய² + ய − 1 = 0 என்பதைத் தீர்க்கிறது, வர்க்கமூலம் போதும். எழுகோணத்துக்கு அதே வகை எண் ய³ + ய² − 2ய − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கிறது. இதற்கு விகிதமுறு தீர்வு இருந்தால் அது 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும். போட்டுப் பாருங்கள், இரண்டும் பொருந்தாது. எனவே இது விகிதமுறு எண்களைக் கொண்டு சிறிய காரணிகளாக உடைக்க முடியாத முப்படி. வர்க்கமூலங்களை அடுக்கி இதன் தீர்வை எட்ட முடியாது. 60 பாகையை மூன்றாகப் பிரிக்க முடியாததற்கும் ஒன்பதுகோணம் வராததற்கும் இதே காரணம்தான்.

எந்தப் பலகோணம் வரும், எது வராது? பக்க எண்ணிக்கையின் ஒற்றைப் பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 65537 போன்ற ஃபெர்மா பகா எண்களாக (2-இன் ஓர் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் பகா எண்களாக) இருக்க வேண்டும், ஒன்று ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது. (இந்த ஐந்தைத் தவிர வேறு ஃபெர்மா பகா எண் இதுவரை தெரியவில்லை.) 2 எத்தனை முறை வந்தாலும் பரவாயில்லை. 17 பக்கம் முடியும் என்று ஜெர்மன் கணிதர் காஸ் 1796இல் கண்டபோது அவருக்கு வயது 18. மற்றவை முடியாது என்ற பகுதியைப் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் 1837இல் நிரூபித்தார்.

ஸ்கேலில் இரண்டு குறிகள் போட்டு நகர்த்த அனுமதித்தால் எழுகோணமும் வரும், கோணத்தை மூன்றாகப் பிரிக்கவும் வரும். ஆனால் அது வேறு விதிகளுள்ள வேறு விளையாட்டு.

பலகையிலோ தகட்டிலோ எழுகோணம் வேண்டுமென்றால் பாதி நாண் முறையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆரம் பெரிதானால் திருத்திக்கொள்ளுங்கள். 30 செ.மீ. ஆரத்தில் கடைசிப் பக்கம் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளமாக வரும். அந்த மிகுதியை ஏழால் வகுத்து, சுமார் அரை மில்லிமீட்டர், காம்பஸைக் கூடுதலாக விரித்து மறுபடி ஒரு சுற்று குறித்தால் சரியாகிவிடும்.