அந்த ஊசியைப் பற்றி மயக்க டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது, எடை 68 கிலோ, சர்க்கரை உண்டு. மார்பில் இருக்கும் கட்டியை அடுத்த வாரம் எடுக்கப்போகிறார்கள். முக்கால் மணி நேர ஆபரேஷனாம். மூச்சுக்குழாயில் டியூப் போடாமல் எல்எம்ஏ என்ற மாஸ்க்கைத் தொண்டைக்குள் வைத்து மயக்கம் கொடுப்போம் என்றார்கள். வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நடுவில் நழுவிவிட்டால் மூச்சு நின்றுவிடாதா? பல் உடையுமா, குரல் போகுமா, பாதியில் விழித்துக்கொள்வாரா? காசை மிச்சம் பிடிக்கத்தான் டியூப் போடவில்லையா? இன்னொன்று, அம்மாவுக்கு ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். எடை குறைய மூன்று மாதமாக வாரம் ஒரு ஊசி போடுகிறார், தெரிந்தவர் வாங்கித் தந்தது.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கடைசி இரண்டு வரிகளை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். மற்ற கேள்விகளை மயக்க டாக்டர் பார்த்துக்கொள்வார். இந்த இரண்டு விஷயம் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

டியூப் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள்ளேயே போய் உட்காரும். அதன் முனையில் உள்ள சின்ன பலூன் ஊதிக்கொண்டு சுற்றிலும் அடைத்துவிடும். மாஸ்க் அப்படியில்லை. கவிழ்த்த கிண்ணம் மாதிரி குரல்வளையின் மேல் படியும், அதன் கூர்முனை உணவுக்குழாயின் வாசலில் நிற்கும். உள்ளே தள்ளும் காற்றைப் பழைய வகை மாஸ்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரைதான் கசியாமல் தாங்கும். இரண்டாம் தலைமுறை வகைகள் இன்னும் கொஞ்சம் தாங்கும். வயிற்றிலிருந்து வருவது வெளியே போக அவற்றில் தனியாக ஒரு துவாரம் உண்டு, அதன் வழியே 12ஆம் எண் ரைல்ஸ் குழாயை (வயிறுவரை போகும் மெல்லிய குழாய்) விட்டு வயிற்றைக் காலி செய்யலாம். ஆனால் அந்தத் துவாரத்தில் தண்ணீர் வடியும், சோறு வடியாது.

மயக்கத்தில் இருமல் வராது, விழுங்குவதும் கிடையாது. வயிற்றின் மேல்வாய் தளர்ந்துவிடும். அப்போது வயிற்றில் எதுவும் மிச்சமிருந்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கலாம். பிரிட்டனில் மயக்க மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்து 2011இல் வெளியிட்ட கணக்கில், மயக்கத்தின்போது மூச்சுவழிச் சிக்கலால் நேர்ந்த மரணங்களுக்கு முதல் காரணம் இதுதான். நீங்கள் பயந்த நழுவல் அல்ல.

இப்போது ஊசி. எடை குறைய வாரம் ஒருமுறை போடுவது என்றால் பெரும்பாலும் செமாக்ளுடைட் அல்லது டிர்செபடைட்டாக இருக்கும். பசி குறைவதோடு, சாப்பிட்டது வயிற்றைவிட்டு இறங்குவதையும் இந்த மருந்துகள் தாமதப்படுத்தும். எட்டு மணி நேரம் பட்டினி கிடந்தவருடைய வயிற்றிலும் முந்தின ராத்திரிச் சாப்பாடு கிடக்கலாம். செமாக்ளுடைட் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். அதனால் 'இந்த வாரம் போடாமல் விட்டுவிட்டோம், சரியாகிவிடும்' என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் நிறுத்துவதா, தொடர்வதா என்பதை மயக்க டாக்டரும் சர்க்கரை டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். டாக்டர் எழுதித் தராத ஊசியை, ஐஸ் பெட்டியில் வந்ததா வெயிலில் வந்ததா என்றுகூடத் தெரியாமல், மூன்று மாதம் போட்டுக்கொண்டதற்கு என்ன சொல்வது. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று இடம் விசாரிக்கிற வீட்டில் இதற்கு மட்டும் ஒரு கேள்வியும் இல்லை.

தெரிந்துவிட்டால் செய்வதற்கு வழி உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் முழுக்க நீராகாரம் மட்டும் கொடுக்கச் சொல்லலாம். அன்று காலை வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துக் காலியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைக்க முடியாத ஆபரேஷன் என்றால் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, மயக்க மருந்து ஏறியவுடனே டியூபைப் போட்டுவிடுவார்கள். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது என்பது மட்டுமே, ஊசி இல்லாவிட்டாலும், மாஸ்க் வேண்டாம் என்று முடிவெடுக்கப் போதுமான காரணம். அது வாரத்துக்கு எத்தனை நாள், ராத்திரி இருமிக்கொண்டு எழுந்திருக்கிறாரா, இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'அது கேஸ்தான்' என்று முடித்துவிடாதீர்கள்.

பட்டினிக் கணக்கில் எல்லா வீட்டிலும் ஒரே தவறுதான் நடக்கிறது. வெறும் தண்ணீர், பால் சேராத வரக்காப்பி என்றால் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் டீ நம் வீட்டில் தண்ணீர்க் கணக்கு, ஆபரேஷன் தியேட்டரில் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். இட்லிக்கும் அதே 6. எண்ணெய்ப் பண்டத்துக்கு 8. நாளைக்குச் சாப்பிட முடியாதே என்று முந்தின ராத்திரி அத்தோ நூடுல்ஸும் மீன் வறுவலும் வாங்கிவந்து கொடுக்கும் பாசம் வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு இந்த மணிக்கணக்கே போதாமல் போகலாம் என்பதால்தான் மேலே அவ்வளவு சொன்னேன்.

நழுவிவிட்டால்? முதலில் ஒன்று, அது நழுவியதை யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மூச்சு வெளிவரும்போதும் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு மானிட்டரில் ஒரு மேடாக ஓடும். காற்று சரியாகப் போகவில்லையென்றால் ஒன்றிரண்டு மூச்சிலேயே அந்த மேடு சரிந்துவிடும், கழுத்தருகே கசியும் சத்தமும் கேட்கும். மயக்கம் போதாமல் குரல்நாண்கள் இறுகியிருக்கலாம், குரல்வளையின் மேலிருக்கும் மூடி உள்ளே மடங்கியிருக்கலாம், அல்லது அளவு தப்பியிருக்கலாம். 50 முதல் 70 கிலோவுக்கு 4ஆம் எண் மாஸ்க் என்பது வழக்கம், அம்மாவுக்கும் அதுவே. தாடையைத் தூக்கிப் பிடிப்பார்கள், புரோபஃபால் என்ற மயக்க மருந்தை இன்னும் கொஞ்சம் கொடுப்பார்கள், சில சென்டிமீட்டர் வெளியே இழுத்து மறுபடி தள்ளுவார்கள், அளவை மாற்றுவார்கள். அப்போதும் சரிவராவிட்டால் டியூப். அது தலைமாட்டில் டிராலியில் தயாராகத்தான் இருக்கும்.

பிறகு வரும் தொண்டை வலிக்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்க்கின் விளிம்பில் ஊதும் வளையத்தில், அதாவது கஃப்பில், ஏற்றும் காற்றின் அளவு. 4ஆம் எண் பழைய வகை மாஸ்க்கின் கஃப்பில் 30 மில்லி வரை ஏற்றலாம் என்பது உச்சவரம்பு, ஏற்றியே ஆக வேண்டிய அளவு அல்ல. கஃப்பின் உள்ளழுத்தம் 60 சென்டிமீட்டர் நீரைத் தாண்டக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அந்த வாயு சிலிக்கான் சுவரைக் கடந்து கஃப்புக்குள் புகுந்து அழுத்தத்தைத் தானாக ஏற்றும், அதனால் இடையில் அளந்து காற்றை இறக்க வேண்டும். அளக்காமல் விட்டால் தொண்டைப்புண் வரும், அரிதாக நாக்கு மரத்துப்போகும். ஐ-ஜெல் மாதிரி ஊதவே வேண்டாத வகையும் உண்டு.

காசு மிச்சம் என்ற சந்தேகத்தை விடுங்கள். லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற மயக்க மருத்துவர் 1981இல் உருவாக்கி, 1988இல் விற்பனைக்கு வந்த கருவி இது. குறைந்த நேரம், மல்லாந்த படுக்கை, வயிற்றைத் தொடாத ஆபரேஷன், இவற்றுக்கு டியூபைவிட மென்மையானது என்பதால்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதியில் விழிப்பாரா என்பதற்கும் மாஸ்க்குக்கும் சம்பந்தமில்லை, மயக்க வாயு கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும். ஆடுகிற பல், கட்டுப்பல் இருந்தால் முன்பே சொல்லுங்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அம்மா வாய்க்குள் நுழைக்க முடிகிறதா பாருங்கள். மாவா, வெற்றிலைப் புகையிலைப் பழக்கத்தில் வாய் இறுகியவர்களுக்கு இரண்டு விரலே போகாது, மாஸ்க்கும் போகாது. குரல் ஒன்றிரண்டு நாள் கரகரக்கலாம், சரியாகிவிடும். எச்சில் விழுங்க முடியாமல் கழுத்து வீங்கினாலோ, காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ மட்டும் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

நாளைக் காலையிலேயே, மயக்கம் கொடுக்கலாம் என்று அனஸ்தீசியா ஃபிட்னஸ் எழுதித் தந்த டாக்டரிடம் ஊசியின் அட்டைப்பெட்டியோடு போங்கள். எவ்வளவு மருந்து, கடைசியாகப் போட்டது எந்தத் தேதி என்று பெட்டியின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.